பிட்ச் என்னும் சொல்லை இசையிலும் வடிவியலிலும் பொறியியலிலும் பிரித்தறிந்து அளப்பது எப்படி

பிட்ச் என்ற சொல்லுக்குப் பாடகர் ஹெர்ட்ஸில் பதில் சொல்கிறார், கடைசல் இயந்திரத்தில் நிற்பவர் மில்லிமீட்டரில் சொல்கிறார், விமானி பாகையில் சொல்கிறார். சொல் ஒன்றாகவே இருப்பதால், ஒரு துறையில் பழகியவர் வேறொரு துறையின் புத்தகத்தையோ வரைபடத்தையோ கையில் எடுக்கும்போது தமக்குத் தெரிந்த பொருளையே அங்கும் வைத்துப் படித்துவிடுகிறார். பொருந்தாத போல்ட்டை வலிந்து முறுக்கி மரையைக் கெடுப்பதும், இணையாத பற்சக்கரங்களை வரைவதும், கூரையைத் தவறான சரிவில் கணக்கிடுவதும் அதனால்தான் நேர்கின்றன. ஓரிடத்தில் இந்தச் சொல் வந்தால் அங்கே உண்மையில் எது அளக்கப்படுகிறது என்று கண்டுபிடிப்பதையும், கையிலுள்ள எளிய கருவிகளைக்கொண்டு அதை அளப்பதையும் இந்தக் கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

முதலில் கேட்க வேண்டியவை

பெரும்பாலான இடங்களில் பிட்ச் என்பது மீண்டும் மீண்டும் வரும் ஒன்றைப் பற்றியது. ஆகவே, எது மீண்டும் வருகிறது என்பதே முதற்கேள்வி. ஒலியில் காற்றின் அதிர்வு மீண்டும் வருகிறது. திருகில் மரையின் முகடும், பற்சக்கரத்தில் பல்லும், சங்கிலியில் பின்னும் மீண்டும் வருகின்றன. அது காலத்தில் மீள்கிறதா, இடத்தில் மீள்கிறதா என்பது இரண்டாம் கேள்வி. சொல்லப்படும் எண், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள இடைவெளியா, அல்லது ஓர் அலகுக்குள் அது எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கையா என்பது மூன்றாம் கேள்வி.

பலரும் தவறவிடுவது இந்த மூன்றாம் கேள்வியைத்தான். இசையில் பிட்ச் கூடினால் அதிர்வுகள் நெருங்குகின்றன, ஏனெனில் அங்கே சொல்லப்படுவது எண்ணிக்கை. திருகில் பிட்ச் கூடினால் மரைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, ஏனெனில் அங்கே சொல்லப்படுவது இடைவெளி. ஒரே சொல், கூடுகிறது என்ற ஒரே வினை, ஆனால் விளைவு நேர் எதிர். இந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால் பின்வரும் எல்லாமே எளிதாகிவிடும். மீள்வது எதுவும் இல்லாமல், எண் பாகையிலோ விகிதத்திலோ வந்தால், அங்கே பிட்ச் என்பது சாய்வைக் குறிக்கிறது. அதைக் கடைசியில் தனியாகப் பார்ப்போம்.

இசையில் பிட்ச்

ஓர் ஒலி காதுக்கு எவ்வளவு மேலே, அல்லது எவ்வளவு கீழே கேட்கிறது என்பதே இசையில் பிட்ச். நாம் சுருதி என்று சொல்வது. அதன் அடிப்படையிலுள்ள இயற்பியல் அளவு அதிர்வெண், அதாவது ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை. இரண்டும் நெருங்கிய உறவுடையவை என்றாலும் ஒன்றல்ல. அதிர்வெண்ணைக் கருவி அளக்கிறது, சுருதியைக் காது உணர்கிறது. பழைய தொலைபேசி இணைப்புகள் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியைக் கடத்துவதில்லை. ஆண்களின் பேச்சுக்குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ 100 ஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கிறது. ஆயினும் தொலைபேசியில் ஆண்குரல் பெண்குரலாக மாறிவிடுவதில்லை, ஏனெனில் வந்து சேரும் மேற்சுரங்களின், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளாக அதனோடு சேர்ந்தே ஒலிக்கும் ஒலிகளின், இடைவெளியைக்கொண்டே காதும் மூளையும் அந்த அடிப்படைச் சுருதியை உணர்ந்துகொள்கின்றன.

ஒலியின் உரப்பு வேறு, சுருதி வேறு. ஒருவரைச் சுருதியைக் கூட்டச் சொன்னால் அவர் குரலின் பலத்தைக் கூட்டுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டும் சேர்ந்தே ஏறும் பழக்கம் பயிற்சியற்ற குரலுக்கு உண்டு என்பதால், கற்பிப்பவர்கள் இந்த வேறுபாட்டை முதல் நாளிலேயே காட்டிவிடுவது நல்லது.

அதிர்வெண் இரட்டித்தால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறுகிறது. அந்த ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் படிகளாகப் பிரிக்கும் முறையில் ஒவ்வொரு படியும் முந்தையதைப்போல் 1.0595 மடங்கு. இந்தப் படி ஒன்றையே அரைப்படி என்கிறார்கள். இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ள அடிப்படை, கீபோர்டின் நடுப்பகுதியிலுள்ள ஏ என்ற சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ். பிரான்ஸ் 1859-இல் அதை 435 என்று சட்டமாக்கியது. 1939-இல் லண்டனில் கூடிய மாநாடு 440 என்று பரிந்துரைத்தது. பின்னர் பன்னாட்டுத் தர நிறுவனமும் அதையே ஏற்றது. 440 என்பது இயற்கையில் உள்ளதன்று, மனிதர்கள் பேசி முடிவுசெய்தது. பழங்கால ஐரோப்பிய இசையை அக்காலக் கருவிகளில் வாசிப்பவர்கள் இன்றும் 415 ஹெர்ட்ஸை வைத்துக்கொள்வதுண்டு. அது ஏறத்தாழ ஓர் அரைப்படி கீழே. 440 அடிப்படையில் நடு சி 261.63 ஹெர்ட்ஸும், அதற்கு மேலுள்ள ஜி 392 ஹெர்ட்ஸும் ஆகும். கட்டைக் கணக்கில் பாடுபவர்களுக்கு ஒரு கட்டை என்பது சி, ஐந்து கட்டை என்பது ஜி.

இரண்டு தந்திகளை ஒரே சுருதியில் சேர்க்க, விம்மல்களை எண்ணும் முறையைப்போல் நம்பகமானது வேறில்லை. 440 ஹெர்ட்ஸில் ஒரு தந்தியும் 442 ஹெர்ட்ஸில் மற்றொன்றும் ஒலித்தால், கூட்டொலி நொடிக்கு இரண்டு முறை பெருத்துச் சிறுக்கும். அந்த ஏற்ற இறக்கமே விம்மல். முதலில் ஒரு தந்தியைச் சரியான சுருதிக்குக் கொண்டுவந்து அதை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டையும் ஒரே பலத்தில் மீட்டி, மற்றதன் பிருடையை, அதாவது தந்தியை இறுக்கும் முளையை, சிறிதளவே திருப்புங்கள். விம்மல் வேகமானால் எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். மெதுவானால் சரியான திசை. நொடிக்கு இரண்டாக இருந்தது ஒன்றாகி, பிறகு மூன்று நொடிக்கு ஒன்றாகி, கடைசியில் ஒலி அசைவற்று நிற்கும். அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் விம்மல் மீண்டும் தொடங்கும் என்பதால், கடைசிக் கால் திருப்பத்தை எப்போதும் தளர்விலிருந்து இறுக்கத்தை நோக்கியே செய்யுங்கள். தளர்த்தி நிறுத்திய தந்தி சிறிது நேரத்தில் மேலும் இறங்கிவிடும்.

சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் சேர்க்கும்போது ஒரு நுட்பம் குறுக்கே வரும். காது விரும்பும் தூய பஞ்சமம் சட்ஜமத்தைப்போல் ஒன்றரை மடங்கு, 261.63-இன் ஒன்றரை மடங்கு 392.45. கீபோர்டின் சமப் படி தருவதோ 392.00. வேறுபாடு அரை ஹெர்ட்ஸுக்கும் குறைவு என்றாலும், மேற்சுரங்கள் மோதுவதால் ஏறத்தாழ நொடிக்கு ஒரு விம்மல் கேட்கும். கீபோர்டின் பஞ்சமத்தைக் கேட்டுத் தந்தியைச் சேர்த்துவிட்டு, ஏதோ ஒன்று நிலைகொள்ளவில்லை என்று உணர்பவர்களின் காது பழுதுபட்டதன்று, மிக நல்ல காது.

இவ்வளவு சிறிய வேறுபாடுகளைச் சொல்ல சென்ட் என்ற அலகு பயன்படுகிறது. ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட், ஓர் அரைப்படிக்கு 100. தூய பஞ்சமத்துக்கும் கீபோர்டின் பஞ்சமத்துக்கும் இடையே 2 சென்ட். 440-க்கும் 442-க்கும் இடையே ஏறத்தாழ 8 சென்ட். கைப்பேசியிலுள்ள சுருதிச் செயலியின் முள் காட்டுவது பெரும்பாலும் இந்தச் சென்ட் எண்ணையே. ஒலிப்பதிவின் வேகத்தை மாற்றுபவர்களுக்கும் இக்கணக்கு உதவும்: பதிவை 6 விழுக்காடு வேகமாக ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஓர் அரைப்படி ஏறிவிடும். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றவேண்டுமானால், மென்பொருளில் அதற்கென்று தனியாக உள்ள தெரிவைப் பயன்படுத்த வேண்டும்.

சுருளின் வடிவியல்

இசையிலிருந்து நேராகத் திருகுக்குப் போவதைவிட, நடுவே வடிவியலில் சற்று நிற்பது பயன் தரும், ஏனெனில் பொறியியலில் வரும் பிட்ச்களில் பல இங்கே பிறந்தவை. ஓர் உருளையின்மேல் ஒரே சீராக ஏறிச் செல்லும் சுருளில், ஒரு முழுச் சுற்று முடியும்போது எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ அதுவே அதன் பிட்ச். உயரம் உருளையின் அச்சுக்கு இணையாக அளக்கப்பட வேண்டும். சுருள் செல்லும் சரிவின் வழியே அளந்தால் அது வேறோர் அளவு.

இதைக் கண்ணால் காண ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும். தாளிலிருந்து ஒரு செங்கோண முக்கோணத்தை வெட்டுங்கள். அதன் செங்குத்துப் பக்கத்தைப் பென்சிலின் நீளத்தோடு ஒட்டி வைத்து, அடிப்பக்கம் பென்சிலின் ஒரே வட்டத்தில் விழும்படி தாளைச் சுற்றுங்கள். சாய்ந்த பக்கம் பென்சிலின்மேல் சுருளாக ஏறுவதைக் காணலாம். அதை விரித்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்குரிய முக்கோணத்தின் அடிப்பக்கம் உருளையின் சுற்றளவு, உயரம் பிட்ச், சாய்ந்த பக்கம் ஒரு சுற்றில் சுருள் கடக்கும் உண்மையான நீளம். பிட்ச்சைச் சுற்றளவால் வகுத்தால் ஏற்றக் கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும். இந்த ஒரு முக்கோணம் திருகையும் புரொப்பெல்லரையும் சுழல் படிக்கட்டையும் ஒருங்கே விளக்கிவிடுகிறது. என் கருத்தில், சூத்திரங்களை மனப்பாடம் செய்வதைவிட இதை ஒருமுறை கையால் செய்து பார்ப்பது மேல்.

பிட்ச் மாறாமல் உருளை பெருத்தால் கோணம் குறையும். கோணம் மாறாமல் உருளை பெருத்தால் பிட்ச் கூடும். ஆகவே பிட்ச்சும் கோணமும் ஒன்றையொன்று முழுமையாகத் தீர்மானிப்பதில்லை. விட்டமும் தெரிய வேண்டும். 1953-இல் வாட்சனும் கிரிக்கும் முன்வைத்த டி.என்.ஏ. மாதிரியில் சுருள் 34 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒருமுறை, பத்து கார இணைகளுக்கு ஒரு சுற்றாக மீள்கிறது. அங்கேயும் இதே பொருளில்தான் பிட்ச் என்ற சொல் வருகிறது.

தட்டையான சுருள்களில் கவனம் தேவை. சுற்றுகளுக்கிடையே சம இடைவெளி கொண்ட ஆர்க்கிமிடீஸ் சுருளுக்குப் பிட்ச் என்பது நீளம். மடக்கைச் சுருளிலோ சுற்றுகள் வெளியே போகப்போக விலகிக்கொண்டே செல்வதால், ஒரே நீளத்தைச் சொல்ல வழியில்லை. அங்கே மாறாமல் இருப்பது கோணம். விண்மீன் மண்டலங்களின் சுருள் கரங்களைப்பற்றிப் படிக்கும்போது பிட்ச் கோணம் என்று வருவது இதனால்தான்.

திருகிலும் மரையிலும்

ஒரு மரையின் முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை, அச்சுக்கு இணையாக உள்ள தூரமே திருகின் பிட்ச். பள்ளிப் பாடத்தில் திருகு அளவியோடு வரும் புரியிடைத் தூரம் இதுவே. அந்தக் கருவியிலேயே அளந்து பழகலாம்: தலைப்பகுதியை முழுமையாக ஐந்து சுற்றுகள் சுற்றி, புரிக்கோலில் நகர்ந்த தூரத்தை ஐந்தால் வகுக்க வேண்டும். 5 மி.மீ. நகர்ந்திருந்தால் பிட்ச் 1 மி.மீ.; தலைக்கோலில் 100 பிரிவுகள் இருந்தால் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. பட்டறைகளில் பயன்படும் மைக்ரோமீட்டரில் பெரும்பாலும் பிட்ச் 0.5 மி.மீ., பிரிவுகள் 50. விளைவு அதே 0.01. இதில் அரை மில்லிமீட்டர்க் கோட்டைக் கவனிக்காமல் படித்தால் அளவு சரியாக 0.5 மி.மீ. தவறிவிடும்.

முன்பின் அறியாத ஒரு போல்ட்டின் பிட்ச்சைக் கண்டுபிடிக்க, ஒரே ஒரு இடைவெளியை அளக்க முயலாதீர்கள். அளவுகோலில் ஏற்படும் சிறு பிழையே அங்கே பெரிதாகிவிடும். வெர்னியரை வைத்து ஒரு முகட்டிலிருந்து பதினோராவது முகடு வரை அளந்து பத்தால் வகுங்கள். பதினொரு முகடுகளுக்கிடையே இருப்பவை பத்து இடைவெளிகள். முகடுகளை எண்ணி அந்த எண்ணாலேயே வகுப்பது மிகப் பரவலான பிழை. 15 மி.மீ. வந்தால் பிட்ச் 1.5. பிட்ச் கேஜ் என்ற தகடுகளின் தொகுதி கிடைத்தால் வேலை இன்னும் எளிது: தகட்டின் பற்களை மரையில் பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், எங்கேயும் ஒளிக்கீற்று தெரியாமல் முழு நீளத்துக்கும் அமர்ந்தால் அதுவே பிட்ச். இரண்டு மூன்று பற்கள் அமர்ந்துவிட்டதை மட்டும் பார்த்து முடிவுசெய்யக் கூடாது, 1.25-க்கும் 1.27-க்கும் உள்ள வேறுபாடு பத்து மரை தாண்டிய பிறகே கண்ணுக்குத் தெரியும்.

மெட்ரிக் போல்ட்டில் எம்10 என்று மட்டும் எழுதியிருந்தால் வழக்கமான பருமரை என்று கொள்ள வேண்டும். அதன் பிட்ச் 1.5 மி.மீ. எம்6-க்கு 1, எம்8-க்கு 1.25, எம்12-க்கு 1.75, எம்16-க்கு 2. நுண்மரையாக இருந்தால் எம்10 × 1.25 என்று பிட்ச்சையும் சேர்த்து எழுதுவார்கள். மரை வெட்டுவதற்கு முன் இடவேண்டிய துளையின் அளவுக்கும் இந்த எண் நேரடியாக உதவுகிறது: விட்டத்திலிருந்து பிட்ச்சைக் கழித்தால் போதும். எம்10-க்கு 8.5 மி.மீ., எம்6-க்கு 5 மி.மீ. துளை.

அங்குல முறையில் எண்ணிக்கை வருகிறது: ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை என்று சொல்வார்கள். 20 மரை என்றால் 25.4-ஐ 20-ஆல் வகுத்து 1.27 மி.மீ. பிட்ச் என்று அறியலாம். 20-லிருந்து 28-க்குப் போனால் எண் கூடுகிறது, மரை நுண்மையாகிறது. மெட்ரிக்கில் எண் கூடினால் மரை பருமனாகிறது. மெட்ரிக் எம்5-இன் பிட்ச் 0.8, அங்குலத்துக்கு 32 மரை கொண்ட பத்தாம் எண் திருகின் பிட்ச் 0.794, விட்டம் 4.83 மி.மீ. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் ஒன்றின் நட் மற்றதில் சில சுற்றுகள் ஏறவும்கூடும். பிறகு இறுகும், அல்லது இறுகாமல் ஆடும். விரலால் திருப்பியே ஏறவேண்டிய இடத்தில் ஸ்பேனர் தேவைப்பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பிட்ச்சைச் சரிபாருங்கள்.

பிட்ச்சும் லீடும் ஒன்றெனக் கொள்வது அடுத்த குழப்பம். ஒரு சுற்றில் நட் முன்னேறும் தூரமே லீட். ஒற்றை மரை கொண்ட திருகில் இரண்டும் சமம். ஆனால் இரண்டு, மூன்று மரைகள் பக்கம் பக்கமாக ஓடும் திருகுகளும் உண்டு. அவற்றில் பிட்ச்சை மரைத் தொடக்கங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால்தான் லீட் கிடைக்கும். திருகின் முனையை நேராகப் பார்த்து எத்தனை மரைகள் தொடங்குகின்றன என்று எண்ணிவிடலாம். முப்பரிமாண அச்சுப்பொறிகளில் பரவலாக உள்ள 8 மி.மீ. திருகுதண்டில் பிட்ச் 2 மி.மீ., தொடக்கங்கள் 4, லீட் 8 மி.மீ. முகடுகளை அளந்து பிட்ச்சைக் கண்டவர் அதையே மென்பொருளில் லீடாகக் கொடுத்தால் இயந்திரம் நான்கு மடங்கு நகர்ந்துவிடும்.

அதே திருகுதண்டில் மற்றொன்றையும் பார்க்கலாம். அதன் பிட்ச் விட்டம், அதாவது மரையின் முகட்டுக்கும் அடிக்கும் நடுவே அளக்கும் விட்டம், 7 மி.மீ.; சுற்றளவு ஏறத்தாழ 22; 8-ஐ 22-ஆல் வகுத்தால் ஏற்றக் கோணம் 20 பாகை. எம்10 போல்ட்டுக்கு இதே கணக்கில் வருவது 3 பாகை. மூன்று பாகைச் சரிவில் உராய்வே நட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இருபது பாகையில் எடையே திருகைச் சுழற்றிவிடும். மின்சாரம் நின்றதும் சில அச்சுப்பொறிகளின் தலைப்பகுதி தானாகக் கீழே இறங்குவதற்குக் காரணம் இதுவே.

பற்களும் கண்ணிகளும்

பற்சக்கரத்தில் பிட்ச் வட்டம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம். இணைந்து சுழலும் இரண்டு சக்கரங்களைப் பற்களே இல்லாமல் ஒன்றையொன்று தொட்டு உருளும் இரண்டு வட்டங்களாக எண்ணினால், அவைதான் பிட்ச் வட்டங்கள். அந்த வட்டத்தின் வில்வழியே ஒரு பல்லிலிருந்து அடுத்த பல் வரையுள்ள தூரம் வட்டப் பிட்ச். அதில் பை என்ற மாறிலி எப்போதும் ஒட்டிக்கொண்டிருப்பதால், பிட்ச் விட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்து வரும் மாடியூல் என்ற அளவையே மெட்ரிக் முறையில் பயன்படுத்துகிறார்கள். அங்குல முறையில் இதைத் தலைகீழாக்கி, ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பற்கள் என்று சொல்கிறார்கள். அதன் பெயர் டயமெட்ரல் பிட்ச். இந்தப் பிட்ச் இசையின் பிட்ச்சைப்போல எண்ணிக்கை வகையைச் சேர்ந்தது: எண் கூடக்கூடப் பற்கள் சிறியவையாகின்றன. 25.4-ஐ அதனால் வகுத்தால் மாடியூல் கிடைக்கும்.

கையிலுள்ள சாதாரண நேர்ப்பல் சக்கரத்தின் மாடியூலைக் காண, வெளிவிட்டத்தை அளந்து, பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வகுங்கள். வெளிவிட்டம் 44 மி.மீ., பற்கள் 20 என்றால் 44-ஐ 22-ஆல் வகுக்க, மாடியூல் 2. இரண்டு சக்கரங்கள் இணைந்து ஓடுவதற்கு மாடியூலும், பல்லின் பக்கச் சாய்வைத் தீர்மானிக்கும் அழுத்தக் கோணமும் ஒன்றாக இருக்க வேண்டும்; பற்களின் எண்ணிக்கை வேறாக இருக்கலாம்.

சங்கிலியில் ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம் வரை பிட்ச். மிதிவண்டிச் சங்கிலியில் அது அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. சங்கிலி நீண்டுவிட்டது என்று நாம் சொல்வது இரும்பு இழுபட்டதால் அன்று. பின்களும் அவற்றைச் சுற்றியுள்ள பகுதிகளும் தேய்ந்து பிட்ச் கூடியதால். அதை அறிய, சங்கிலியை இறுக்கமாக இழுத்துப் பிடித்து, 24 இடைவெளிகளை ஒரு பின்னின் மையத்திலிருந்து அளக்க வேண்டும். புதிதில் 304.8 மி.மீ. இருக்கும். 307 மி.மீ. தொட்டிருந்தால் தேய்வு முக்கால் விழுக்காட்டை எட்டிவிட்டது. அதற்கு மேலும் ஓட்டினால் பற்சக்கரமும் அந்தக் கூடிய பிட்ச்சுக்கேற்பத் தேய்ந்து, பிறகு புதுச் சங்கிலியை ஏற்காது.

சங்கிலிக் கண்ணி வளையாது என்பதால், சங்கிலிச் சக்கரத்தில் பிட்ச் வில்லின்வழி அளக்கப்படுவதில்லை, நாணின்வழி அளக்கப்படுகிறது. 16 பல் சக்கரத்தின் பிட்ச் விட்டம் வேண்டுமானால் 12.7-ஐ 11.25 பாகையின் சைனால் வகுக்க வேண்டும், 65.1 மி.மீ. வரும். வில் என்று எண்ணிக் கணக்கிட்டால் 64.7 வரும். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த இந்த வேறுபாடு, சக்கரத்தை நீங்களே வெட்டும்போது சங்கிலி பற்களின்மேல் ஏறி நிற்கப் போதுமானது.

ஆணித் துளைகளின் வரிசை, ஸ்பிரிங்கின் சுற்றுகள், மின்னணுச் சில்லின் கால்கள், ஒளித்திரையின் புள்ளிகள் ஆகியவற்றிலெல்லாம் பிட்ச் என்பது மையத்திலிருந்து மையம் வரையுள்ள தூரம் மட்டுமே. பழைய வகைச் சில்லுகளின் கால்களுக்கு 2.54 மி.மீ. என்பதை நினைவில் வைத்தால், 2.5 மி.மீ. இணைப்பியை அங்கே செருகும்போது முதல் நான்கைந்து கால்கள் ஏறிக் கடைசிக் கால் ஏறாமல் நிற்பதன் காரணம் புரியும்.

பிட்ச் சாய்வாக வரும்போது

புரொப்பெல்லரில் நீளமும் கோணமும் ஒரே சொல்லில் கலந்து வருகின்றன. 10 × 6 என்று எழுதிய சிறு விமானப் புரொப்பெல்லரில் முதல் எண் விட்டம் 10 அங்குலம்; இரண்டாவது பிட்ச், அதாவது வழுக்கலே இல்லாவிட்டால் ஒரு சுற்றில் அது முன்னேறவேண்டிய 6 அங்குலம். முன்பு தாளில் வெட்டிய முக்கோணத்தை இங்கே ஒவ்வோர் ஆரத்துக்கும் தனித்தனியாக வரைய வேண்டும். மையத்திலிருந்து 1.25 அங்குலத்தில் பிளேடு 37 பாகை சாய்ந்திருக்க வேண்டும், 3.75 அங்குலத்தில் 14 பாகை. முனையில் 11 பாகை. பிட்ச் ஒன்றாக இருக்க, கோணம் குறைந்துகொண்டே செல்வதால்தான் பிளேடு முறுக்கிக்கொண்டு நிற்கிறது. பறக்கும்போதே பிட்ச்சை மாற்றும் புரொப்பெல்லர்களில் உண்மையில் மாறுவது பிளேடின் கோணம். ஹெலிகாப்டரில் விமானி கூட்டிக் குறைக்கும் பிட்ச்சும் அதுவே.

விமானத்தின் பிட்ச் என்று சொல்லும்போது மூக்குப்பகுதி மேலோ கீழோ சாயும் கோணம். இறக்கை முனையிலிருந்து மறு முனைக்குச் செல்லும் அச்சைச் சுற்றிய சுழற்சி. புரொப்பெல்லரின் பிட்ச்சும் விமானத்தின் பிட்ச்சும் ஒரே பக்கத்தில் வரும் கையேடுகளில், எந்தப் பொருள் சுழல்கிறது என்று கேட்டாலே விடை கிடைத்துவிடும்.

கூரையில் பிட்ச் என்ற சொல்லை இரண்டு விதமாகக் கையாள்கிறார்கள். உயரத்தைச் சுவரிலிருந்து முகடு வரையுள்ள கிடைத்தூரத்தால் வகுப்பது ஒன்று. கட்டடத்தின் முழு அகலத்தால் வகுப்பது மற்றொன்று. 12-க்கு 6 உயரும் இருபுறச் சரிவுக் கூரை முதல் முறையில் இரண்டில் ஒன்று, இரண்டாம் முறையில் நான்கில் ஒன்று. கோணம் இரண்டிலும் 26.6 பாகைதான். ஆகவே விகிதமாகச் சொல்லப்பட்ட எண்ணைப் பயன்படுத்துமுன் கீழெண் எந்தத் தூரம் என்று கேட்டறிய வேண்டும். கட்டிய கூரையை அளக்க, ரசமட்டத்தின் ஒரு முனையைக் கூரையின்மேல் வைத்துக் கிடைமட்டமாகப் பிடித்து, அந்த முனையிலிருந்து 12 அலகு தூரத்தில் கூரை வரை செங்குத்தாக எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

எழுதும்போது

நீங்களே வரைபடத்திலோ கொள்முதல் சீட்டிலோ பிட்ச்சை எழுதும்போது அலகில்லாத எண்ணை எழுதாதீர்கள். திருகுக்கு விட்டத்தையும் பிட்ச்சையும் சேர்த்து, பருமரையாக இருந்தாலும், எம்8 × 1.25 என்று எழுதலாம். பன்மரைத் தண்டுக்கு லீடையும் தொடக்கங்களின் எண்ணிக்கையையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும். பற்சக்கரத்துக்குப் பிட்ச் என்ற சொல்லையே தவிர்த்து மாடியூல் என்று எழுதுவது பாதுகாப்பானது. கூரைக்கு விகிதத்தோடு பாகையையும் எழுதுங்கள். பாடகருக்கு அனுப்பும் குறிப்பில் கட்டையோடு அடிப்படை 440 ஹெர்ட்ஸா அன்றா என்பதையும் சேர்த்தால், வேறோர் அடிப்படையில் சேர்க்கப்பட்ட கருவி மேடையில் வந்து நிற்கும்போது எவ்வளவு ஏற்ற வேண்டும், எவ்வளவு இறக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள முடியும்.